துயரம் இருக்க வேண்டிய இடத்தில்

இலக்கியம் வாசிக்கும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கனமானதையே பெரியது என்று கொள்வது. ஆயிரம் பக்க நாவலுக்கு அளிக்கும் மரியாதையை ஐந்து பக்கச் சிறுகதைக்கு நாம் அளிப்பதில்லை. அழவைத்த கதை நினைவில் தங்குவதுபோலச் சிரிக்கவைத்த கதை தங்குவதில்லை. ஒருவரை ‘நகைச்சுவை எழுத்தாளர்’ என்று அறிமுகப்படுத்தும்போது நம்மையறியாமலே குரல் ஒரு படி இறங்கிவிடுகிறது. இத்தனைக்கும் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. அழுகை அதற்கு அடுத்தே வருகிறது.

இசை கேட்கும்போதும் இப்பழக்கம் நம் கூடவே வந்து அமர்ந்துகொள்கிறது. மேற்கத்திய செவ்வியல் சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதி விரைவானது, வாதப் பிரதிவாதங்கள் நிறைந்தது. இரண்டாவது மெதுவானது. அங்குதான் இசையமைப்பாளர் தன் அந்தரங்கத்தைத் திறப்பார் என்று இருநூறு ஆண்டுகளாக ரசிகர்கள் எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள். பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியில் அந்த இடத்தில் ஒரு சவ ஊர்வலமே நடக்கிறது. முதல் பகுதி முடிந்ததும் அரங்கில் சிலர் இருமிக்கொள்வார்கள், சிலர் இருக்கையில் சரிந்து அமர்வார்கள், சிலர் கண்களை மூடிக்கொள்வார்கள். துயரத்துக்கு ஆயத்தமாகும் கணம் அது.

அப்படிக் கண்களை மூடிக்கொள்பவர்களைப் பீத்தோவன் ஒருமுறை கைவிட்டார். அவருடைய எட்டாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் துயரம் இல்லை. மெதுவும் இல்லை. காற்றுக் கருவிகள் கடிகாரம்போல டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் வயலின்கள் ஏதோ குறும்பு பேசுகின்றன. கண் மூடியவர் திறந்து பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். இலகுவானது என்று நாம் சொல்வது எதனால் ஆனது என்பதை இச்சிறு பகுதியைப்போலத் தெளிவாகக் காட்டும் வேறொரு கலைப்படைப்பு எங்களுக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

*

எட்டாம் சிம்பொனி 1812ஆம் ஆண்டில் உருவானது. அவ்வாண்டு அக்டோபரில் பீத்தோவன் லின்ட்ஸ் நகரில் தன் தம்பி யோகானின் வீட்டில் இருந்தார். கையெழுத்துப் பிரதியில் அவ்வூரின் பெயரும் அம்மாதத்தின் பெயரும் இருக்கின்றன. முதல் அரங்கேற்றம் 1814 பிப்ரவரி 27 அன்று வியன்னாவில் நடந்தது. எஃப் மேஜரில் அமைந்த இந்தச் சிம்பொனி முழுவதுமே அவருடைய மற்ற சிம்பொனிகளோடு ஒப்பிட்டால் சிறியது. அதற்குள்ளும் மிகச் சிறியது நாம் பேசும் இரண்டாம் பகுதி.

அதன் தலைப்பில் இரண்டு இத்தாலியச் சொற்கள் உள்ளன. அலெக்ரெட்டோ, ஸ்கெர்ட்ஸாண்டோ. முதல் சொல் ஓரளவு விரைவு என்று பொருள்படும், வேகத்தைச் சொல்வது. இரண்டாவது விளையாட்டாக என்று பொருள்படும், மனநிலையைச் சொல்வது. சுரத்தானம் பி-ஃப்ளாட் மேஜர். தாளம் இரண்டு-நான்கு. நீளம் 81 பார்கள். சிம்பொனியின் மற்ற பகுதிகளில் ஒலிக்கும் ட்ரம்பெட்டுகளும் டிம்பனி முரசுகளும் இங்கே கிடையாது. அவற்றை வாசிப்பவர்கள் நான்கு நிமிடம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது? முதலில் புல்லாங்குழல் ஒழிந்த சில காற்றுக் கருவிகளும் ஹார்ன்களும் ஒரே சுரக்கூட்டைத் துண்டு துண்டாக, மிக மென்மையாகத் தட்டத் தொடங்குகின்றன. ஒவ்வொரு தட்டும் அடுத்ததற்குச் சம தூரத்தில். பிறகு முதல் வயலின்கள் ஒரு குட்டிச் சொற்றொடரை வீசுகின்றன. கீழேயிருந்து செல்லோக்களும் டபுள் பாஸ்களும் அதற்கு மறுமொழி சொல்கின்றன. பேரப்பிள்ளை கேட்கும் கேள்விக்குத் தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு விடை சொல்வதைப்போல இருக்கும். நடுவிலுள்ள கருவிகள் வில்லை வைத்துவிட்டு விரல் நுனியால் தந்தியைச் சுண்டிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் கிசுகிசுப்பாகவே நடக்கிறது. திடீரென்று மொத்தக் குழுவும் உரத்த குரலில் ஓர் அதிர்வை வெடிக்கிறது. உடனே ஒன்றுமே நடக்காததுபோலப் பழைய கிசுகிசுப்பு தொடர்கிறது.

அந்த டிக் டிக் எல்லா இடத்திலும் தொடர்ந்து ஒலிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது வரும், நழுவும், வேறு கருவிகளுக்குக் கைமாறும், திரும்பி வரும். தட்டு நின்ற இடத்திலும் நம் மனம் அதை எண்ணிக்கொண்டே இருக்கிறது. நகைப்பின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். ஒழுங்கு மட்டும் இருந்தால் அது கடிகாரம். ஒழுங்கை எதிர்பார்க்கும் நமக்கும், அந்த ஒழுங்கின் மீது இடறியும் தாவியும் போகும் வயலின்களுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளிதான் நகைச்சுவை. நல்ல கதைசொல்லிகள் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் கதை சொல்வார்கள் அல்லவா? இங்கே காற்றுக் கருவிகள் காட்டும் அந்தச் சலனமற்ற முகம்தான் வயலின்களின் குறும்பைக் குறும்பாக்குகிறது.

*

சுரத்தானம் என்ற விஷயத்தைக் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது சற்று நிதானித்தே அணுக வேண்டியிருக்கிறது. நம் கச்சேரிகளில் மனநிலையைத் தாங்குவது ராகம். சுருதி என்பது பாடுபவரின் குரலுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வது. ஒரே தோடியை ஒருவர் ஒரு கட்டையில் பாடலாம், மற்றொருவர் ஐந்து கட்டையில் பாடலாம். தோடி தோடிதான். ஆகவே ‘பி-ஃப்ளாட் மேஜர்’ என்று ஒருவர் பரவசத்தோடு சொல்லும்போது, சங்கராபரணத்தின் சுரங்களை ஆறரைக் கட்டையில் வைத்திருக்கிறார்கள், இதில் பரவசப்பட என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவது இயல்பு.

சிம்பொனியில் சுரத்தானம் ஓர் இடம்போலச் செயல்படுகிறது. எஃப் மேஜர் இந்தச் சிம்பொனியின் வீடு. முதல் பகுதி வீட்டில் தொடங்கி வீட்டில் முடிகிறது. மூன்றாவதும் நான்காவதும் வீட்டிலேயே நடக்கின்றன. இரண்டாம் பகுதி மட்டும் வெளியே போகிறது. போகும் இடம் எது என்று பார்த்தால் நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. எஃப் நம் கணக்கில் நான்கு கட்டை. அதை ஷட்ஜமாகக் கொண்டால் பி-ஃப்ளாட் என்பது அதன் சுத்த மத்யமம். ஆக, இந்தப் பகுதி முந்தைய பகுதியின் மத்யமத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டு பாடுகிறது.

நம் கச்சேரிகளில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: மத்யம சுருதி. கச்சேரியின் பெரும் பகுதிகள் எல்லாம் முடிந்தபின், தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கிவிட்டுக் குறிஞ்சியோ நவரோஜோ புன்னாகவராளியோ பாடுவார்கள். தாலாட்டும் பதமும் ஊஞ்சல் பாட்டும் புழங்கும் இடம் அது. கச்சேரியின் இறுக்கம் தளர்ந்து, பாடகரும் கேட்பவரும் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிற நேரம். வியன்னாவுக்கும் நம் ஊர் சபாக்களுக்கும் இதில் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. மெதுவான பகுதியை நான்காம் சுரத்தில் அமைப்பது செவ்வியல் சிம்பொனியில் சாதாரண வழக்கம். அந்த நகர்வு தரும் தளர்ச்சியை உணர்வதற்கு நம் காது ஏற்கெனவே பயிற்சி பெற்றிருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறோம். முதல் பகுதி முடிந்து இரண்டாவது தொடங்கும் அந்தக் கணத்தில், தட்டுகளைக் கேட்பதற்கு முன், தரை சற்றே மாறியிருப்பதைக் கேளுங்கள். நெற்றிச் சுருக்கம் நீங்குவது அங்கேதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பி-ஃப்ளாட்டில் தொடங்கும் இசை, செவ்வியல் வழக்கப்படி, பாதி வழியில் தன் பஞ்சமத்துக்கு நகர்கிறது. பி-ஃப்ளாட்டின் பஞ்சமம் எஃப். அதாவது, வீட்டைவிட்டு வெளியே வந்த இசை, தான் போன இடத்தில் தன் வீட்டையே ஒரு விருந்தாளியாகச் சந்திக்கிறது. சிறிது நேரம் பேசிவிட்டு மறுபடி பி-ஃப்ளாட்டுக்கே திரும்பிவிடுகிறது. நடுவில் வழக்கமாக வரும் நீண்ட விவாதப் பகுதி இங்கே கிடையாது. சொன்னதைச் சற்று மாற்றி மறுபடி சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறது.

*

இனி வேகம். நம் இசையில் இதற்குக் காலப்பிரமாணம் என்ற அழகான சொல் இருக்கிறது. எடுத்த வேகத்தைக் கடைசிவரை காப்பது வித்வானின் தகுதிகளில் ஒன்று. ஆனால் அந்த வேகம் எவ்வளவு என்பதை எண்ணால் எழுதிவைப்பது நம் வழக்கமில்லை. ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சொற்களே இருந்தன. விரைவாக, நடையாக, மெதுவாக என்று எழுதினார்கள். 1815ஆம் ஆண்டில் யோகான் நேபொமுக் மெல்ட்ஸெல் மெட்ரோனோமுக்கு உரிமம் பெற்றார். இரட்டை எடைகொண்ட ஊசல் என்ற அதன் அடிப்படை யோசனை ஆம்ஸ்டர்டாமில் இருந்த விங்கெல் என்பவருடையது. 1817 டிசம்பரில் பீத்தோவன் தன் எட்டு சிம்பொனிகளுக்கும் மெட்ரோனோம் எண்களை அச்சில் வெளியிட்டார். நாம் பேசும் பகுதிக்கு அவர் கொடுத்த எண் 88. நிமிடத்துக்கு 88 எட்டிலொரு பங்கு சுரங்கள்.

எங்கள் நண்பர் வட்டத்தில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். சார் என்றுதான் எல்லோரும் அழைப்போம். சங்கீத ஞானம் தனக்கில்லை, எண்ணத் தெரியும், அவ்வளவுதான் என்பார். இந்த எண்ணைக் கேட்டதும் அவர் ஒரு பழைய அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு பாருக்கு 4 எட்டிலொரு பங்கு சுரங்கள். 81 பார்களுக்கு 324. அதை 88ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 நிமிடம் 41 வினாடி. யாரேனும் நிதானமாக, 76 என்ற வேகத்தில் நடத்தினால் 4 நிமிடம் 16 வினாடி ஆகும். “முப்பத்தஞ்சு செகண்டுதான் வித்தியாசம், ஆனா ஜோக்கு போயிடும் பாருங்க” என்றார். பிறகு பல பதிவுகளைக் கையில் கடிகாரத்தோடு கேட்டோம். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. வேகம் குறையும்போது தட்டுகளுக்கு இடையே யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. யோசிக்க நேரம் கிடைத்த நகைச்சுவை நகைச்சுவையாக இருப்பதில்லை. 88இல் அந்தப் பதினாறிலொரு பங்குத் தட்டுகள் நிமிடத்துக்கு 176, அதாவது வினாடிக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. நடக்கும் வேகத்தைவிடக் கூடுதல், ஓடும் அளவுக்கு இல்லை. துள்ளுவதற்குச் சரியான வேகம். நடுவில் வெடிக்கும் அந்த அதிர்வில் அறுபத்துநான்கிலொரு பங்கு சுரங்கள் வினாடிக்கு 11க்கும் மேல் பாய்கின்றன. ஒரே ஊசலின் கணக்குக்குள் இந்தத் துள்ளலும் அந்தப் பாய்ச்சலும் அடங்கியிருக்கின்றன.

எண்களின் மீது பீத்தோவனுக்கு இருந்த ஈர்ப்பு வியப்பூட்டுவது. ஆனால் அவர் எண்களை மட்டும் நம்பியவரல்லர். அதே 1817இல் மோஸெல் என்ற இசை அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், அலெக்ரோ, அண்டாண்டே போன்ற வேகச் சொற்களைத் தான் கைவிட விரும்புவதாகச் சொல்கிறார். ஆனால் மனநிலையைக் குறிக்கும் சொற்கள் வேறு வகை, அவற்றைக் கைவிட முடியாது என்கிறார். வேகம் படைப்பின் உடல் போன்றது, அச்சொற்களோ அதன் ஆன்மாவைத் தொடுவன என்பது அவர் கருத்தின் சாரம். அவ்வாண்டைச் சேர்ந்த ஒரு பாடலின் கையெழுத்துப் பிரதியில், தான் குறித்த எண் முதல் சில அளவுகளுக்கே பொருந்தும், உணர்வுக்கும் அதற்கென்று ஒரு வேகம் உண்டு என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். எண்ணைக் கொடுத்த கையே அந்த எண்ணின் எல்லையையும் எழுதியது. ஆகவே அலெக்ரெட்டோ என்ற சொல்லும் 88 என்ற எண்ணும் போனாலும், ஸ்கெர்ட்ஸாண்டோ என்ற சொல் மட்டும் போகக்கூடாது.

*

இந்தப் பகுதியைப் பற்றி ஒரு கதை உண்டு. பல இசை நிகழ்ச்சிக் குறிப்புகளில் இன்றும் அது இடம்பெறக்கூடும். 1812 வசந்தத்தில் மெல்ட்ஸெலுக்கு நண்பர்கள் ஒரு விருந்து கொடுத்தார்களாம். அங்கே பீத்தோவன் அவருடைய தாளக் கருவியைக் கேலிசெய்து ‘தா தா தா’ என்று தொடங்கும் ஒரு சுழற்பாட்டைத் திடீரென்று இயற்றிப் பாடினாராம். அதிலிருந்துதான் இந்த இரண்டாம் பகுதி பிறந்ததாம். சொன்னவர் பீத்தோவனின் கடைசிக் காலத்தில் அவருக்கு உதவியாளராக இருந்து, பிறகு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆன்டன் ஷிண்ட்லர்.

அழகான கதைதான். ஆனால் ஷிண்ட்லரிடம் ஒரு சிக்கல் இருந்தது. செவிப்புலன் இழந்த பீத்தோவனுடன் பேச வந்தவர்கள் எழுதிய உரையாடல் ஏடுகள் ஷிண்ட்லரின் கையில் சேர்ந்தன. பீத்தோவன் இறந்த பிறகு அவற்றில் தான் முன்பே பேசியதுபோலத் தானே பல வரிகளை எழுதிச் சேர்த்திருந்தார். 1970களில் பெர்லினில் அந்த ஏடுகளைப் பதிப்பித்த ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தனர். சுழற்பாட்டுக் கதைக்குச் சான்றாக இருந்த வரிகளும் அப்படிச் செருகப்பட்டவையே. பாட்டில் மெட்ரோனோம் என்ற சொல் வருகிறது. 1812இல் மெல்ட்ஸெலின் கருவிக்கு அந்தப் பெயரே இல்லை. ஆக, பாட்டிலிருந்து சிம்பொனி பிறக்கவில்லை. சிம்பொனியிலிருந்து யாரோ பாட்டைப் பிறப்பித்திருக்கிறார்கள். அந்த யாரோ ஷிண்ட்லரே என்பதுதான் அறிஞர்களின் பொதுவான முடிவு.

டிக் டிக் என்ற விளையாட்டுக்கு மெல்ட்ஸெல் தேவையுமில்லை. பீத்தோவனின் ஆசிரியர்களில் ஒருவரான ஹைடன், 1794இல் லண்டனில் அரங்கேற்றிய தன் 101ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் பஸ்ஸூன்களையும் விரலால் சுண்டும் தந்திகளையும் கொண்டு கடிகாரம்போல நடக்கவைத்தார். அந்தச் சிம்பொனிக்குக் ‘கடிகாரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஷிண்ட்லரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்படியொரு கதை ஏன் தேவைப்பட்டது என்பதே எங்களை யோசிக்கவைத்தது. சவ ஊர்வலத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. துயரம் தன்னளவிலேயே நியாயமானது என்று எடுத்துக்கொள்கிறோம். நகைப்புக்கு மட்டும் ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருக்கிறது. விருந்து, நண்பர்கள், ஒரு கேலிப் பொருள். பெரிய மனிதர் காரணமில்லாமல் சிரிக்கமாட்டார் என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

காரணத்தை வாழ்க்கையில் தேடினால் இன்னும் குழப்பமே மிஞ்சும். 1812 ஜூலையில், டெப்லிட்ஸ் என்ற நீரூற்று நகரில் இருந்து, பெயர் குறிப்பிடாத ஒரு பெண்ணுக்குப் பீத்தோவன் எழுதிய காதல் கடிதம் புகழ்பெற்றது. அந்த உறவு எங்கும் போய்ச் சேரவில்லை. அவ்வாண்டில் அவர் தொடங்கிய நாட்குறிப்பு விட்டுக்கொடுத்தலைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் பேசிக்கொண்டு தொடங்குகிறது. லின்ட்ஸுக்கு அவர் போனதே தம்பியின் குடும்ப விஷயத்தில் தலையிடத்தான். தம்பி தன் வீட்டிலிருந்த பெண்ணோடு வாழ்வதை அவர் எதிர்த்தார். பூசல் முற்றி, நவம்பரில் தம்பி அந்தப் பெண்ணையே மணந்துகொண்டார். செவிப்புலனோ ஆண்டுக்கு ஆண்டு மங்கிவந்தது. இத்தனைக்கும் நடுவே, அந்தப் பூசல் நடந்த வீட்டிலேயே, எட்டாம் சிம்பொனி எழுதி முடிக்கப்பட்டது.

துன்பத்தை மறக்கச் சிரித்தார் என்று சொல்லலாம். அது எளிய விளக்கம். அதற்கும் மெல்ட்ஸெல் விருந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே நகைப்பை வேறொன்றின் விளைவாக ஆக்குகின்றன. அந்தச் சுவடியில் இருப்பது தப்பித்தல் அல்ல, துல்லியம். யார் எப்போது தட்ட வேண்டும், யார் எவ்வளவு மென்மையாக மறுமொழி சொல்ல வேண்டும், எங்கே தட்டு நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. மனம் உடைந்திருக்கும் ஒருவர் கையில் ஊசியை எடுத்து நூல் கோப்பதைப்போன்ற கவனம். கை நடுங்கினால் நூல் நுழையாது.

*

அதே 1812இல் பீத்தோவன் முடித்த மற்றொரு சிம்பொனி ஏழாவது. அதன் இரண்டாம் பகுதியும் அலெக்ரெட்டோதான். அங்கும் மெதுவான பகுதி கிடையாது. ஆனால் அது ஏ மைனரில் இருக்கிறது. ஒரு நெடில், இரண்டு குறில், இரண்டு நெடில் என்று நடக்கும் அதன் சந்தத்தைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. 1813 டிசம்பர் 8 அன்று, போரில் காயமுற்ற வீரர்களின் நிதிக்காக நடந்த அரங்கேற்றத்திலேயே மறுபடி வாசிக்கும்படி கேட்டார்கள். அன்றுமுதல் உலகம் அதைத் துக்கத்தின் இசையாகவே கேட்டு வருகிறது.

இரண்டு அலெக்ரெட்டோக்களின் எண்களை எங்கள் சார் அருகருகே எழுதிக்காட்டினார். ஏழாவதில் நிமிடத்துக்கு 76 கால் பங்கு சுரங்கள். இரண்டுமே இரண்டு-நான்கு தாளம் என்பதால் ஒரு பார் கடக்க அங்கே ஒன்றரை வினாடிக்குச் சற்று அதிகமாகிறது. எட்டாவதில் ஒரு பார் கடக்க ஏறக்குறைய 2.7 வினாடி. தாளின்படி பார்த்தால் துக்கம் விரைவாகவும் குறும்பு மெதுவாகவும் நடக்கின்றன! காது அப்படிக் கேட்பதில்லை என்பது உண்மை. ஏழாவதில் ஒரு பாரை நிரப்ப இரண்டு மூன்று ஒலிகள் போதும், எட்டாவதில் எட்டு தட்டுகள் அடைந்து கிடக்கின்றன. ஆனால் வேகமும் மனநிலையும் ஒன்றல்ல என்பதை அந்த இரண்டு எண்களும் எங்களுக்குக் கற்பித்தன. மெதுவாக நடப்பதால் துயரம் ஆழமாவதில்லை. விரைவாகப் போவதால் நகைப்பு மேலோட்டமாவதும் இல்லை. காலத்தை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

சில ஆண்டுகளுக்கு முன் சார் காலமானார். நோய் நீண்டது, வலியும் இருந்தது. பதினாறாம் நாள் கழிந்தபின் நண்பர்கள் அவர் வீட்டிலேயே கூடி, பேச்சுகள் வேண்டாம், அவர் விரும்பிய இசையைக் கேட்டுவிட்டுக் கலைவோம் என்று தீர்மானித்தோம். எங்களில் பெரும்பாலோர் மனதில் ஏழாவதின் அலெக்ரெட்டோதான் இருந்தது. அதற்குத்தான் அந்த இசை இருக்கிறது என்பதுபோல. அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பி, அது வேண்டாமே. அந்த டிக் டிக்னு ஒண்ணு வருமே, கடைசி மாசம்கூட மடியிலே தாளம் போட்டுக்கிட்டுக் கேட்டாரே, அதைப் போடுங்க” என்றார்.

போட்டோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வயலின்கள் கேட்க, செல்லோக்கள் செருமிக்கொண்டு பதில் சொல்லின. முதல் வெடிப்பு வந்தபோது அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு புடவைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அவருடைய சிரிப்பு துக்கத்தை மறைக்கவுமில்லை, குறைக்கவுமில்லை. ஒரு மனிதர் எப்படி இருந்தார் என்பதைத் துல்லியமாக நினைவுகூர்ந்தது, அவ்வளவுதான். ஏழாவது சிம்பொனி அங்கே எங்கள் துக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கும். எட்டாவது அவரைப் பற்றிப் பேசியது.

*

கடைசியாக, இந்தப் பகுதி முடியும் விதத்தைப் பற்றி. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் இதைப் பெரிதும் போற்றியவர். இதற்கு முன்மாதிரியும் இல்லை, இணையும் இல்லை, வானத்திலிருந்து முழுதாக விழுந்திருக்கிறது என்ற பொருளில் எழுதினார். ஆனால் முடிவு அவரை எரிச்சலூட்டியது. இத்தனை நுண்மையாகப் பேசிய இசை, இத்தாலிய ஓபராக்களில் சலிக்கச் சலிக்க வரும் ஒரு வாய்பாட்டைப் பிடித்துக்கொண்டு சட்டென்று முடிந்துவிடுகிறது. நுட்பமான ஓர் உரையாடலை யாரோ கதவை அறைந்து சாத்தி முடித்ததைப்போல.

எங்களுக்குப் பெர்லியோஸின் எரிச்சல் புரிகிறது. ஆனால் அந்தக் கதவு அப்படித்தான் சாத்தப்பட வேண்டும் என்று தோன்றுகிறது. மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசித் தட்டு காற்றில் கரைந்து முடிந்திருந்தால் நாம் கண்களை ஈரமாக்கிக்கொண்டு பெருமூச்சு விட்டிருப்போம். நான்கு நிமிடமாக மறுக்கப்பட்ட அந்தத் துயரத்தைக் கடைசி வினாடியில் பின்வாசல் வழியாக உள்ளே விட்டிருப்போம். பீத்தோவன் அதற்கு இடம் தரவில்லை. தேய்ந்துபோன ஒரு வாய்பாட்டை எடுத்து, அதை அளவுக்கு மீறி உரக்கச் சொல்லி, எழுந்து போய்விடுகிறார். உணர்ச்சிவசப்படத் தயாராக இருந்த நாம் இருக்கையில் திகைத்து உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த பகுதி, மறுபடி எஃப் மேஜரில், மூன்று-நான்கு தாளத்தில், பழைய மினுவெட் நடனத்தோடு தொடங்கிவிடுகிறது.

இதுவரை கேட்டிராதவர்கள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முடிந்தால் முதல் பகுதியிலிருந்தே தொடங்குங்கள், அப்போதுதான் சுருதி மாறுவது தெரியும். கண்களைத் திறந்தே வைத்திருங்கள். மூன்று நிமிடம் நாற்பத்தொரு வினாடிதான்.